பன்னிரண்டு அடி டியூப்

கொதிநீர்க் குவளையில் டியூபின் முனையை முக்கிப் பிடித்தபடி நிலவறைத் தரையில் முட்டி போட்டிருந்தாள் ரோண்டா. அடக்கத்துக்கென்று உடுத்திய கறுப்புப் பாவாடை அழுக்காகாமலிருக்க மேலே அப்பாவின் பழைய ஆலைச் சட்டை. டியூப் சூட்டில் இளகினால்தான் குழாயின் காம்பில் ஏறும். இரண்டு முறை வழுக்கிவிட்டது. ஐந்து மாதமாகச் சரியாகத் தூங்காத கை வேறு எப்படிப் பிடிக்கும்?

"ரோண்டா! பத்தரைக்கு மாதா கோவில்ல இருக்கணும்டி. கீழ என்னதான் பண்ற?" மாடிப்படி மேலிருந்து அம்மா மார்செல்லாவின் குரல்.

"வந்துட்டேம்மா. பத்தே நிமிஷம்."

"இதையேதான் அரை மணியா சொல்ற."

அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது தலையில் குழாய் முளைத்த ஒரு சின்ன ஃப்ரிட்ஜோடு. உள்ளே ஒரு பீர் பீப்பாய், ஒரு கேஸ் உருளை. நான்கு வருடங்களுக்கு முன் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று அப்பா எல்ராய் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு வருடம் குளியல் தொட்டி வார்த்த மனிதர், மலிவுச் சாமானைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டும். பிடித்தால் முக்கால் கிளாஸ் நுரை. கேஸைக் குறைத்தால் நுரையும் குறையும் என்று திருகித் திருகிக் குறைத்தார். அழுத்தம் குறையக் குறைய பீரிலிருந்த கேஸ் டியூபுக்குள்ளேயே பிரிந்து இன்னும் அதிகமாக நுரைத்தது. அம்மாவின் தம்பி டெல்மர் அந்தப் பெட்டிக்கு 'சலவை இயந்திரம்' என்று பெயரே வைத்துவிட்டார்.

கடைசியில் அப்பாவே யார் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டார். பீர் நிதானமாக இறங்கி நுரைக்காமலிருக்க, ஐந்தடி டியூபை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு அடி போட வேண்டும். குழாய்த் தண்டு சூடாகாமலிருக்க, உள்ளங்கை அளவு விசிறி ஒன்று குளிரை மேலே ஊத வேண்டும். முலாம் பூசிய குழாய்க்குப் பதில் எவர்சில்வர். சாமான் பெட்டி அக்டோபரில் வந்தது. கணையத்தில் கட்டி என்ற சேதியும் அதே வாரம் வந்தது.

"நான் மாட்டித் தரேம்ப்பா. ஒரு மணி நேர வேலைதான்."

"கைய வெச்சே, பார்த்துக்கோ. எழுந்து நானே மாட்டுவேன்."

அவள் கை வைக்கவில்லை. அதை மாட்டினால், நீங்கள் இனி எழுந்திருக்கமாட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். சாமான் பெட்டி அலமாரியிலேயே கிடந்தது.

போன சனிக்கிழமை நாலு மணிப் பூசைக்கு அம்மா போயிருந்தாள். இரண்டு நாளாக ஒன்றும் இறங்காத அப்பா கண்ணைத் திறந்து, "ஒரு வாய் பீர் குடும்மா" என்றார். ரோண்டா கீழே ஓடினாள். கிளாஸ் முழுக்க நுரை. நுரை அடங்கக் காத்திருந்தாள், மறுபடி பிடித்தாள், மறுபடி காத்திருந்தாள். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். மேலே வந்தபோது அப்பாவின் கண்கள் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தன. கிளாஸைத் திரும்பக் கீழே கொண்டுபோய் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பக்கத்துல இருந்தியாடி?"

"கையப் பிடிச்சிட்டுதான் இருந்தேம்மா."

மூன்றாம் முறை டியூப் ஏறியது. மிச்சத்தைப் பீப்பாயின் மேல் வளையமாகச் சுற்றி, விசிறியைப் பொருத்தினாள். மெல்ல முனகிக்கொண்டு அது ஓட ஆரம்பித்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனாள்.

பூசையில் பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவே, "மகள் கையைப் பிடித்திருக்க, எல்ராய் ஆண்டவரிடம் போனார்" என்றார். முன்வரிசையிலிருந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். வெட்கத்தில் ரோண்டாவுக்குக் காது மடல் எரிந்தது. அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து, கோவில் மண்டபத்தில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் தின்று முடித்து, நெருங்கினவர்கள் பத்துப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் கூடத்தில் உட்காரவில்லை. பூட்ஸில் ஒட்டின பனியைத் தட்டிவிட்டு நேரே நிலவறைக்கு இறங்கினார்கள்.

"ஊத்தும்மா. மச்சான் செத்தும் நுரைய கட்டிட்டுதான் அழப் போறாரான்னு பார்ப்போம்" என்றார் டெல்மர் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

ரோண்டா கிளாஸைச் சாய்த்துப் பிடித்துக் குழாயை இழுத்தாள். பொன்னிறமாக, சத்தமில்லாமல் இறங்கியது. மேலே இரண்டு விரல் நுரை, அவ்வளவுதான். எட்டே நொடி.

டெல்மர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"அடப்பாவி மச்சான். இதை இத்தனை நாளா எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?"

"அலமாரியில" என்றாள் ரோண்டா.

ஒவ்வொரு கிளாஸும் எட்டு நொடி. எண்ணக்கூடாது என்று நினைத்தபடியே எண்ணினாள்.

இருட்டுவதற்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவள் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்து அப்பாவின் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பீர் நாற்றமே ஆகாது என்று இந்தப் பக்கம் உட்காராத அம்மா.

"எனக்கும் ஒண்ணு ஊத்து."

ரோண்டா ஊற்றினாள். அம்மா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் கண்றாவிக்கா அந்த மனுஷன் அத்தனை பாடுபட்டாரு?"

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. விசிறி முனகிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை ராத்திரி, அடக்கத்துக்கு அவருக்குப் போட கோட் எடுக்க இங்க வந்தேன்ல" என்றாள் அம்மா, கிளாஸைப் பார்த்தபடி. "குழாய்கிட்ட ஒரு கிளாஸ் பீர் இருந்துச்சு. வாய் வெக்காத கிளாஸ்."

ரோண்டா குழாயடியில் தண்ணீரை நிறுத்தினாள்.

"நான்தான் கழுவிக் கவுத்து வெச்சேன்."

பாதிரியார் வீட்டுக்கு வந்து, கடைசி நேரத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனது அதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

அம்மா இன்னொரு வாய் குடித்தாள். முடியவில்லை. மீதிக் கிளாஸை மகள் பக்கம் நகர்த்திவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினாள்.

"உக்காரு. எவ்வளவு நேரம்தான் நிப்பே?"