ஆறிலிருந்து ஏழு வரை

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிடா" என்றாள் மூத்தவள். தம்பி பிடித்தான். அம்மாவின் தலைக்கடியில் இருந்த பழைய தலையணையை உருவிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று பீரோவில் பூட்டி வைத்திருந்த புதியதை வைத்தாள். அம்மா பார்த்திருந்தால், "அதை ஏன்டி எடுத்தே, யாராச்சும் வந்தா என்ன பண்றது?" என்று ஆரம்பித்து, தலையணை வாங்கிய கடை, கடைக்காரர் மகளின் கல்யாணம், அந்த மாப்பிள்ளையின் முன்கோபம் வரைக்கும் போய்த்தான் நின்றிருப்பாள்.

காலையிலிருந்து துக்கம் கேட்க யாராச்சும் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

வந்தவர்களில் முக்கியமானவர் மூச்சு சார். அமைதி வாழ்வு மன்றத்தின் நிறுவனர். முப்பது வருஷம் சுங்கத்துறையில் அடுத்தவர் பெட்டியைக் கிளறியவர், ஓய்வுபெற்றதும் அடுத்தவர் மனத்தைக் கிளற ஆரம்பித்தார். மெதுவாக மெல்லு, மெதுவாக நட, மூச்சைக் கவனி, பேச்சைக் குறை. இவ்வளவுதான் போதனை. இதைச் சொல்ல வாராவாரம் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்த அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அமைதிக்கும் ஓர் அட்டவணை போட்டுவிட்டார். காலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது. யாரும் என்றால் அம்மா. அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? குக்கரோடும் குழாயோடும் பேசிக்கொண்டிருந்தவள் எட்டு வருஷமாக அந்த ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏழு அடித்ததும் மூத்தவளுக்குப் போன் வரும்.

"உங்கப்பா ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கார்டி. நாப்பது வருஷத்துல இப்பத்தான் அவர் மூஞ்சியை நிதானமாப் பாக்கறேன். மூக்கு கொஞ்சம் கோணல், தெரியுமா உனக்கு?"

இன்றைக்கும் ஏழு ஐந்துக்கு அம்மாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அம்மா இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கமாட்டாளே என்று யோசித்தபோதுதான் அது அப்பா என்று புரிந்தது.

"பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல" என்று மூச்சு சார் அப்பாவைக் காட்டிக் கூடத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். "பயிற்சி! அந்தம்மாவும் மௌன வேளையிலயே போயிருக்காங்க. யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?"

கூட்டம் தலையாட்டியது. சுவரோர நாற்காலியில் அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். மனுஷன் கல்லு மாதிரி இருக்காரே என்றாள் எதிர்வீட்டுக்காரி. மன்றத்துக்காரர்கள் மலை மாதிரி என்றார்கள்.

அப்பா எழுந்து சமையலறைக்குள் போனார். மூத்தவள் பின்னாலேயே போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கி மேடையில் வைத்தார்.

"டாக்டர் கேட்டார் இல்ல, வலி கிலின்னு ஏதாவது சொன்னாங்களான்னு."

"ஆமா. ஒண்ணும் சொல்லலைன்னீங்க."

"சொல்லலை." டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "தொட்டா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதை இறுக்கி மூடினாள்.

"ஆறு பத்து இருக்கும். கண்ணை மூடி உக்காந்திருந்தேன். தோள்ல தொட்டா. ரெண்டு தடவை."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

அப்பா உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். புறப்படத் துடிக்கும் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

"போயிட்டா. கட்டில் சத்தம் கேட்டுது. அசதி, படுத்துட்டான்னு நெனச்சேன். ஏழு வரைக்கும் உக்காந்திருந்தேன். என்னிக்கும் இல்லாம இன்னிக்குத்தான்மா மனசு அலையாம அப்படியே நின்னுது."

மூத்தவளின் நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. அதைச் சொன்னால் இந்த மனுஷனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. விழுங்கினால் அம்மா தொட்டதற்குப் பதிலே இல்லாமல் போய்விடும். அப்பாவின் கை இன்னும் அந்தரத்தில் நின்றது. அதைப் பிடித்து இறக்கிவிட்டாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"சார் பாக்கியம் பாக்கியம்ங்கறார். எல்லார் முன்னாடியும் சொல்லிடவா?"

"அவங்களுக்கு எதுக்குப்பா?" என்றாள். அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, வண்டி வந்துடுச்சு."

கூடத்தில் மூச்சு சார் கடிகாரத்தோடு தயாராக நின்றார். "எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ மௌனம். மூச்சைக் கவனிங்க. எண்ணம் வரும், போகும். விட்டுடுங்க."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அப்பா நேரே அம்மாவிடம் போனார். முட்டி நொறுங்குகிற சத்தத்தோடு தரையில் உட்கார்ந்தார். குனிந்து, அம்மாவின் வாயருகே காதை வைத்தார்.

"என்னம்மா?" என்றார். எல்லோருக்கும் கேட்டது. "என்ன வேணும்? சொல்லு."

மூச்சு சார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "உஷ்" என்றார். மூத்தவள் அவரைப் பார்த்தாள். அவர் அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லும்மா, கேக்கறேன்." அப்பா இன்னும் கிட்டே போனார். அவருடைய ஒரு காது எப்போதுமே கொஞ்சம் மந்தம். முகத்தைத் திருப்பி மறு காதை வைத்தார்.

தம்பி அப்பாவைத் தூக்க நகர்ந்தான். மூத்தவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருடா."

இரண்டு நிமிஷம் ஆகி வெகு நேரம் இருக்கும். யாரும் சொல்லவில்லை. அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்துங்க. அப்பாவுக்குக் கேக்கலை."

வண்டிக்காரர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.