போர்வைக்குள் இருந்த கை

மூன்றாவது முறையும் குழந்தை சரிந்தான். நீல விரிப்பின் மேல் அவனை உட்காரவைத்துப் பயிற்சியாளர் கைகளை விலக்கியதுதான் தாமதம், வலப்பக்கமாகச் சாய்ந்து கன்னம் தரையில் பட விழுந்தான். அழவில்லை. அழுதிருந்தாலாவது வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கலாம் என்று அவன் அம்மாவுக்கு இருந்தது. பத்து மாதப் பிள்ளை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் இவன் இப்படிச் சாய்வது நர்ஸ் கண்ணில் பட்டு, வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் எனக் குழந்தைகளுக்கான இந்தப் பயிற்சி மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

"புது எடம் மேடம், அதான் மிரள்றான். வீட்ல ஜம்முனு உக்காருவான்" என்றார் கணவர். சொன்னதோடு விட்டாரா, ஃபோனை வேறு எடுத்தார். பிள்ளை உட்கார்ந்திருக்கும் வீடியோ அதில் இருந்தது.

அவள் வேலை பார்ப்பது போட்டோ ஸ்டூடியோவில். கைக்குழந்தைகளைப் படமெடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உட்காரத் தெரியாததை உட்கார்ந்த மாதிரி எடுப்பது அங்கே அன்றாட வேலை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையோடு காலாகப் போர்வையால் மூடி, பிள்ளையை மடியில் வைத்து, போர்வைக்குள்ளிருந்தே முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். "அசையாதீங்கக்கா, இப்ப நீங்க சோபா" என்றால் போர்வைக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்கும். விரல் நுனி ஏதாவது படத்தில் விழுந்தால் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவாள். அதை ஏமாற்று வேலை என்று யார் நினைக்கிறார்கள்?

இவன் எட்டாவது மாதத்தில் இருந்தபோது, இவனைவிட இளையவளான நாத்தனார் மகள் உட்கார்ந்து தட்டைத் தட்டும் வீடியோ குடும்பக் குழுவில் வந்தது. "நம்ம மகாராஜா எப்போ உக்காரப் போறாராம்?" என்று நாத்தனார் விளையாட்டாகத்தான் கேட்டிருந்தாள். இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டு சோபாவில் போர்வையை விரித்தாள், ஒரு கையை அதற்குள் விட்டாள், மறுகையால் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டாள். கணவர் அதை ஆபீஸில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினார். மாலையில் ஓடிவந்து, "எங்க, எனக்கு உக்காந்து காட்டுடா" என்று அவர் கேட்டால், இப்போதுதான் பால் குடித்தான், சளி பிடித்திருக்கிறது, தூக்கத்துக்கு அழுகிறான் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். பிள்ளையோடு பொய்யையும் சேர்த்தே வளர்த்தாள்.

பயிற்சியாளர் வீடியோவை முழுதாகப் பார்த்தார். "நல்லாத்தான் உக்கார்றான். வீட்ல இப்படின்னா இப்போதைக்குப் பயிற்சி வேண்டாம். இங்க எடமும் கம்மி. ரெண்டு மூணு மாசம் போகட்டும், திரும்பக் கூட்டிட்டு வாங்க." அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கூடவே இருக்கீங்க, நீங்க சொல்லுங்கம்மா. யாரும் பிடிக்காமத்தானே உக்கார்றான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தப்பித்துவிடலாம். பிள்ளைக்கு ரெண்டு மூணு மாசம் போய்விடும், அவ்வளவுதான். அவ்வளவுதானா? விரிப்பில் கிடந்தவன் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், விரிப்பையே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அது என் கை" என்றாள்.

கணவருக்குப் புரியவில்லை. "எது?"

"போர்வைக்குள்ள என் கை இருக்குங்க. ஸ்டூடியோல பிடிப்போம்ல, அந்த மாதிரி. அவன் ஒருநாள்கூடத் தானா உக்காந்ததில்ல."

அவர் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் போர்வையைத் தேடினார். அந்தத் தேடலைப் பார்க்க அவளால் முடியவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "எங்கிட்டயுமா?" என்றார், அதுவும் ஃபோனைப் பார்த்தே. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பயிற்சியாளர் கடிந்துகொள்ளவில்லை. "இத்தன நாள் பிடிச்சிருக்கீங்க. எந்த எடத்துல விட்டா சாயறான்னு கைக்குத் தெரிஞ்சிருக்கும். காட்டுங்க."

அவள் மண்டியிட்டு, பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, முதுகின் அடியில், வலப்பக்கமாக உள்ளங்கையை வைத்தாள். கணவர் பார்க்க, வெட்டவெளிச்சத்தில்.

"எடுக்காதீங்க, அங்கேயே இருக்கட்டும். வர்ற திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடலாம். சார், ஃபோன வச்சிட்டு முன்னால வந்து படுங்க. அவன் கண்ணுக்கு நேரா. கூப்பிடுங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் விரிப்பில் குப்புறப் படுத்தார். "டேய் தங்கம்" என்று கூப்பிட்டார். அவள் பக்கம் அவர் கண் வரவே இல்லை. பிள்ளை அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்ல முன்னால் குனிந்து, அப்பாவின் ஈரமான கன்னத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். துடைத்தால் பிடி விட்டுவிடுவான் என்று அவர் அப்படியே அசையாமல் கிடந்தார்.