காலைக் காட்டிவிட்டு இறங்கு

பெத்தனுக்கு ஊருணிக் காவலைக் கொடுத்தபோது, குடிதண்ணீர்க் குளத்துக்குக் காவலா என்று ஊரே சிரித்தது. நாச்சியாபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், கோடை வந்தால் பாதிப்பேர் நரம்புச்சிலந்தி கண்டு படுத்துவிடுவார்கள். காலில் கொப்புளம் கிளம்பும், அது உடைந்து நூல்போலப் புழு எட்டிப் பார்க்கும். "புண்ணுக்காலைத் தண்ணியில வைக்காதீக. புழுவோட குஞ்சு அதுலதான் இறங்குது. அதைக் குடிச்சா அடுத்த வருசம் உங்களுக்கும் வரும்" என்று சுகாதார இன்ஸ்பெக்டர் தொண்டை வற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பெத்தன் படித்துறையில் நின்றார். யார் குடத்தோடு வந்தாலும் கணுக்காலைக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். புண் இருந்தால் குடத்தை வாங்கி அவரே மொண்டு கொடுப்பார். ஊர்த்தலைவர் அம்பலகாரரின் பெண்சாதியையே நிறுத்திவைத்தார் மனுசன்! வாங்கிய ஏச்சு கொஞ்சமா நஞ்சமா? இரண்டு கோடை போனபின் நரம்புச்சிலந்தி கண்ட வீட்டைத் தேட வேண்டியிருந்தது. ஏசின வாயெல்லாம் கப்சிப்.

அப்போதுதான் அவர் மகன் சின்னக்கருப்புக்குக் கல்யாணம் நடந்தது. பெண் திருக்கோஷ்டியூர்ப் பக்கம், பெயர் அழகி. புதுப்பெண் தானே ஊருணியில் இறங்கி எடுத்துவரும் முதல் குடத்தில்தான் உலை வைப்பது அந்த ஊர் வழக்கம். மறுநாள் காலை படித்துறையில் கூட்டம் நெரிந்தது. பெண்ணைப் பார்க்க யார் வந்தார்கள்? பெத்தனைப் பார்க்க வந்தார்கள்.

"சொந்த மருமகள்னா கண்ணை மூடிக்கிருவாரு பாரேன்" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள்.

பெத்தன் யோசித்தார். பார்க்காமல் விட்டால் இனி எவன் காலைக் காட்டுவான்? பார்த்து, புண்ணும் இருந்துவிட்டால், வந்த பெண்ணுக்கு முதல் நாளே கெட்ட பேர். 'காலைக் காட்டிவிட்டு இறங்கு' என்று சொல்ல வேண்டியவர் மருமகளின் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அழகி அவர் முகத்தைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலைக் கரையைத் தானே தூக்கினாள். கணுக்காலில் பழுத்த கொப்புளம்.

"எங்க ஊர்லயும் இந்த நோவு இருக்கு மாமா. நான் இறங்கமாட்டேன்."

"விளங்குமா, மொதக் குடமே போச்சே!" என்று கூட்டம் முணுமுணுத்தது. சின்னக்கருப்பு யாரையும் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். ஆம்பிளை தண்ணீர் எடுக்கும் வேடிக்கையைப் பார்த்து இளவட்டங்கள் சீட்டியடித்தார்கள். அவன் படியில் கால் வைக்கப் போனான்.

"நில்லுங்க" என்றாள் அழகி. "மாமா, இவுக காலையும் பாருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அசடு வழிய வேட்டியைத் தூக்கிக் காட்டினான் மாப்பிள்ளை. பெத்தன் குனிந்து பார்த்தார். சுத்தமான கால்தான், ஆனாலும் நிமிர நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இறங்குடா" என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது என் மருமக!"