பத்து நிமிட வலை

கண்ணாடித் தட்டில் இருந்தவற்றை மூன்றாவது முறையாக எண்ணி முடித்தாள். நாற்பத்தொன்று. போன வருடம் இதே வாரத்துப் புட்டியில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் குனிந்து பார்த்தாள். நாற்பத்தொன்று அசைந்து கொடுக்கவில்லை.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் பருவம் தவறாமல் வந்து பெருகும் பொடிப் பிராணிகளை எண்ணுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. ஒவ்வொன்றும் குருணையில் பாதிகூட இருக்காது, மீசை மட்டும் உடம்புக்குச் சமமாக நீண்டிருக்கும். கடலிலிருந்து வரும் மீன்குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடு இவைதான். ஆய்வுக்கூடத்தில் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி என்பார்கள். அது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பாள், அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. படகில் போய் வலை இழுத்து வருகிறவர் அவள் வீட்டுக்காரர். “நான் புடிச்சுத் தரேன், நீ எண்ணிக்கிட்டே இரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இதான் நம்ம குடித்தனம்” என்பார்.

புதிதாக வந்த பொறுப்பாளர் வயதில் சின்னவள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எண்ணிக்கைல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வலைய பத்து நிமிஷம் முழுசா இழுத்தாங்களா?”

வலையின் வாயில் சுழன்று, உள்ளே புகும் தண்ணீரை அளக்கும் மானி பழுதுபார்க்கப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அது திரும்பும்வரை கடிகாரக் கணக்குதான், அதுவும் படகில் இருப்பவர் சொல்லும் கணக்கு. அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக அவருடைய வலது தோளில் தைல வாசனை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். வலைக்கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும், கட்டிவிட்டால் வலை அடியில் இறங்கிச் சேற்றை அள்ளிவிடும். ஐந்து நிமிடம் இழுத்திருந்தாலும் ஆயிரமாவது இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லத்தான் செய்தது, சந்தேகம் வந்த மனசு கணக்கைக் கேட்கிறதா என்ன? ஒருவேளை வலையை நனைத்துவிட்டுத் திரும்பியிருப்பாரோ? அப்படியானால் அந்த இருபத்திரண்டு வருடப் புட்டிகளை என்ன செய்வது? அவரைத்தான் என்ன செய்வது?

மறுநாள் காலை படகுத்துறையில் போய் நின்றாள். “நானும் வரேன்.”

“நீயா? கரையில கட்டியிருக்கற படகப் பாத்தாலே உனக்கு வாந்தி வருமே!”

வந்தது. முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வந்தது. அவர் சுக்கானை முழங்காலால் பிடித்துக்கொண்டு அவள் நெற்றியைத் தாங்கினார். தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள். இந்த வாரத்துக்கு உரியதைவிட இரண்டரை டிகிரி கூட. அவர் வலையை இறக்கினார். அவள் கைபேசியை மடியில் வைத்து நேரம் பார்த்தாள். உடனே மறுபடியும் பார்த்தாள்.

“என்னம்மா, பஸ்ஸு புடிக்கணுமா?” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். வலது கையில் கயிறு முறுக்கேறி நின்றது. தோள் நடுங்கியது. அவர் கடிகாரம் எதையும் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து” என்றார்.

கைபேசியும் பத்து என்றது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாந்தி எடுத்தபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

வலையின் அடிக்குவளையைக் கண்ணாடி ஜாடியில் கவிழ்த்து வெயிலுக்கு எதிரே பிடித்தாள். இந்த மாதத்தில் கலங்கித் துள்ள வேண்டிய தண்ணீர் குடிதண்ணீர் போல் தெளிந்து கிடந்தது.

“தோள் வலில பாதியிலேயே தூக்கிட்டேன்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

“சந்தோஷமா நம்பியிருப்பேங்க. நல்லா நாலு திட்டு திட்டிட்டு, நிம்மதியா தூங்கியிருப்பேன்.”

அவர் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோலச் சொன்னார். “ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி இங்க தண்ணி பால் கலந்த மாதிரி கெடந்துச்சு. கைய விட்டா பொடிப்பொடியா ஒட்டுச்சு. சீக்கிரமே வந்துட்டாங்களேன்னு நெனச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“உன் அட்டவணையில நாள் வரலையேம்மா.”

அவளால் கோபப்பட முடியவில்லை. அந்த அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டியவள் அவள். நாளுக்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீரும் எடுக்கக் கூடாது என்று முதல் வருடமே சொல்லிவைத்தவளும் அவள்தான். தண்ணீர் சீக்கிரமே சூடேறியதும் அவை வந்து பெருகி, இருந்து, போய்விட்டிருக்கின்றன. அட்டவணை மட்டும் சுவரில் அப்படியே இருந்திருக்கிறது.

“வேணும்னா ஒன்னு செய்” என்றார். “படகுக்காரன் சரியா இழுக்கலைன்னு எழுதிடு. அவங்களும் நம்புவாங்க, உன் நோட்டும் கெடாது. எனக்கென்ன, ரெண்டு திட்டு சேத்து வாங்கிக்கறேன்.”

இந்த மனுஷனைத்தான் நேற்று முழுக்கச் சந்தேகப்பட்டிருக்கிறாள். “சும்மா இருங்க” என்று அதட்டினாள். நோட்டை எடுத்துத் தேதி எழுதினாள், சூட்டை எழுதினாள், இழுத்த நேரம் முழுதாகப் பத்து நிமிடம் என்று எழுதி அடியில் கோடு போட்டாள். பேனாவை வைத்துவிட்டு அவர் தோளில் கையை வைத்தாள். கொதித்தது.

“மருந்து ஊத்தட்டுமா?” பிடித்ததைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புட்டியைத் திறந்தபடி கேட்டார்.

“கொஞ்சம் இருங்க.”

ஜாடியின் மேல்பக்கம் ஏதோ அசைந்தது. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மூன்று மீன்குஞ்சுகள். வழக்கமான நாளில், வழக்கம்போல வந்து சேர்ந்திருந்தன. கண்களைத் தவிர உடம்பெல்லாம் கண்ணாடிதான், வயிறு இருக்கும் இடமும் வெயில் ஊடுருவ வெறுமையாகத் தெரிந்தது. அவரும் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் தலையை ஒட்டிக் குனிந்தார். தெளிந்த தண்ணீரில் மூன்று வாய்களும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.