செஞ்சியில் அமாவாசை மழை

செஞ்சியில் அமாவாசையன்று மழை பெய்வதே இல்லை. பத்து வருட மழைப் பதிவேடு அப்படித்தான் சொன்னது. முதலில் சிரித்தேன். பிறகு பதிவேட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

சென்னையில் மழை ஆய்வு அலுவலகத்தில் நான் தயாரித்த அறிக்கையே அந்தப் பதிவேட்டை நம்பித்தான் இருந்தது. மூன்று வருடம் முன்பு கார்த்திகைப் புயலில் செஞ்சியில் ஒரே நாளில் இருபத்தெட்டு சென்டிமீட்டர் மழை. அடுத்த மாதம் உலகப் பருவநிலை மாநாட்டில் இழப்பீடு கேட்கும்போது நம் நாட்டுக் குழு அந்த எண்ணைச் சொல்லப்போகிறது. அந்த மழையில் எங்கள் வீட்டுச் சுவரும் விழுந்தது. எங்கள் ஊர்ப் பெயர் அங்கே ஒலிக்க வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது, மறைப்பானேன்.

சென்னையிலிருந்து பஸ் ஏறினேன். செஞ்சி தாலுக்கா ஆபீஸ் மழைமானியில் தினமும் மழையை அளக்கிற பாவாடை அண்ணன் டீக்கடையில் இருந்தார்.

“அமாவாசைன்னா மழைமானியப் பாக்க மாட்டீங்களாண்ணே?”

“எங்கம்மா பாக்கறது? அன்னிக்கு விடியறதுக்குள்ள மேல்மலையனூர் கோயில் கூட்டத்தைப் பாத்துக்கற டூட்டி போட்டுடறாங்க. கட்டத்தைக் காலியா உட்டா திட்றாங்க. அதான் சைபர் போட்டுடுவேன்.”

“உள்ள இருக்கற தண்ணி?”

“அது எங்க போவுது? மறுநாள் சேத்து அளந்துடுவேன். ஒரு சொட்டு கூட உட்டது கெடையாது.”

பெருமையாகத்தான் சொன்னார். புயல் வந்தது அமாவாசையை ஒட்டித்தான்; இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது மறுநாள் கட்டத்தில். ஆக, இருபத்தெட்டும் இரண்டு நாள் மழை. எந்த நாள் எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அவர் மேல் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. ஒரே ஆளை இரண்டு ஊரில் நிற்கச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

அங்கிருந்தே எங்கள் அலுவலக இயக்குநர் ராஜாராமுக்குப் போன் செய்தேன்.

“மழை பெஞ்சது நிஜம்தானே, கலைமதி?” என்றார்.

“நிஜம்தான் சார். ஒரே நாள்ல பெஞ்சதுங்கறது பொய். எதிர்ப்பக்கம் ஒருத்தர் இதைக் கண்டுபிடிச்சா, மத்த ஊர்க் கணக்கையும் நம்ப மாட்டாங்க.”

“அப்ப அறிக்கையிலேருந்து செஞ்சிய எடுத்துடறேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது.

“நம்ம ஊர்ல மழையே பேயலன்னு எழுதிடுவாங்களாம்மா?” என்று கேட்டார் பாவாடை அண்ணன்.

“பேஞ்சுதுண்ணே. எந்த நாள் எவ்ளோன்னுதான் நம்மகிட்ட இல்ல.”

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார்.

“வர்ற அமாவாசைக்கும் மேல்மலையனூர் டூட்டிக்கு என் பேரைத்தான் போட்டுருக்காங்க.”