அண்ணிக்கென்று சொன்ன அறை

கொழுந்தன் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். கொத்தனாராக இருந்த புருஷன் போய் நாலு வருஷம். அன்றிலிருந்து கொழுந்தன் வீட்டில்தான் இருப்பு. இருப்பு என்றால், அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம். ஓரகத்தி கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அண்ணி இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளும்போது மட்டும் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பாள்.

அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. தெருமுனையில் பாழாய்க் கிடந்த சின்னப் பிரார்த்தனைக் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பகலில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போகலாம். பின்பக்கம் ஓர் அறை, கூடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு. "அண்ணியை விட்டா வேற யாரு? பூட்டிக் கெடந்தப்பகூட வாசலைப் பெருக்கினது அவங்கதானே" என்று கமிட்டிச் செயலாளர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அண்ணி அந்த அறையை மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காலை நீட்டிப் படுத்தாலும் நாலு முழம் மிஞ்சும்.

கொழுந்தனும் கொத்தனார்தான். கூடத்து வேலைக்கு அவர்தான் தலைமை. அண்ணி அங்கேயே சித்தாளாகச் சேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் காலையில் மேற்குச் சுவரைக் கொத்தியபோது சிமெண்டு பாளம் பாளமாக வந்தது. பின்னாலேயே செங்கல்லும் ஊறின ரொட்டியாகப் பிய்ந்து வந்தது. வேலையை மேற்பார்க்கிற இன்ஜினியரம்மா ஓடி வந்தாள்.

"சுண்ணாம்புச் செவுத்துமேல யாரு இவ்வளவு கனமா சிமெண்டு பூசினது? உள்ள போன ஈரம் வெளிய வர வழியே இல்லாம செவுரே அழுகிப் போயிருக்கு. இதைச் செஞ்ச ஆளை மறுபடி இந்தப் பக்கம் விட்டுடாதீங்க."

செய்த ஆள் அவளுக்கு எதிரிலேயே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் மழையில் சுவர் கசிந்தபோது, ஒரே வாரத்தில் சிமெண்டை அப்பிக் கசிவை நிறுத்தியவர் கொழுந்தன். அண்ணியின் புருஷன் வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். அதிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு நின்று போயிற்று. கூடத்தைக் காப்பாற்றியவர் என்று தெருவே தம்பியைக் கொண்டாடியது. கூடத்துக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் அவருக்குக் கூலி வாங்காமல் சட்டை தைத்துக் கொடுத்தார்.

கொழுந்தன் கரண்டியைத் துடைத்தார். "எங்க அண்ணன்தாங்க. இப்ப உயிரோட இல்ல. செவுரு மூச்சு விடணும், சிமெண்டு வேணாம்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே."

செத்தவன் மேல் பழியைப் போட்டதோடு நிற்கவில்லை பாருங்கள், செத்தவன் பேச்சையும் எடுத்துக்கொண்டார். அண்ணி இடிசல் நிறைந்த சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அவரு பூசல தம்பி. நீங்கதான் பூசினீங்க. மணல் சுமந்ததே நான்தான்."

செயலாளர் சங்கடத்தோடு சுற்றிலும் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த தெரு முழுக்க அங்கேதான் நின்றது. "தையல்காரரே, நீங்க எதிர்லயே இருக்கிறவரு. யாரு பூசினது?"

தையல்காரர் வீட்டு மாடியைக் கொழுந்தன் பாதி கட்டி நிறுத்தியிருந்தார். கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. "ரொம்ப நாளாச்சுங்க. ரெண்டு பேருமே கொத்தனாரு. யாருன்னு எப்படிச் சொல்றது?"

"புருஷனைச் சொன்னா எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும், பாவம்" என்றாள் பேக்கரிக்காரி. அவள் வீட்டுக் குளியலறையும் கொழுந்தன் கட்டியதுதான். பாவம் என்ற சொல் கிடைத்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டுக் கலைய ஆரம்பித்தார்கள்.

செயலாளர் அண்ணியைத் தனியே கூப்பிடக்கூட இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. செவுத்தைக் கெடுத்தவரு சம்சாரத்துக்கிட்டயே சாவியக் குடுத்தா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. அந்த அறைக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கறோம்."

"நான் என்னங்க கெடுத்தேன்?" என்று அண்ணி கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதில் கொழுந்தனிடமிருந்து வந்தது. "அவங்க எதுக்குங்க தனியாக் கெடக்கணும்? என் வீடு இருக்கு. கடைசிவரைக்கும் நான் வச்சுப் பாத்துக்கறேன்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. அண்ணனால் கெட்ட சுவரையும் கட்டி, அண்ணன் பெண்டாட்டிக்கும் சோறு போடுகிற மனுஷர். இன்ஜினியரம்மாவின் முகம் இளகிவிட்டது. வேலை முடிகிறவரை அவர்தான் தலைமை என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனாள்.

சட்டி கீழேயே கிடந்தது. நிறைந்த சட்டியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள எந்தச் சித்தாளாலும் ஆகாது. இன்னொரு கை வேண்டும். அண்ணி சுற்றும்முற்றும் பார்த்தாள். கொழுந்தன் ஒருவர்தான் மிச்சம். வந்து குனிந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"இன்னொரு தரம் நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்தீங்கன்னா, அந்தப் பாய் விரிக்கிற எடமும் கெடையாது. புரியுதா அண்ணி?" அவர் குரல் உயரவே இல்லை.

அண்ணி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

"தூக்கி விடுங்க தம்பி" என்றாள்.