தேர்தல் மாதத்து வண்டி

இடது அக்குளில் ஆரம்பித்த வலி முழங்கைவரை இறங்கியிருந்தது. அலையாத்திச் சேற்றில் குனிந்து சிப்பி தோண்டுகிறவளுக்கு எங்கேதான் வலிக்காது என்று ரைல்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தேர்தல் மாதத்தில் ஊருக்குள் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. மார்பைப் படம் எடுத்துப் புற்று இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இலவசமாம். பிரேசிலில், பாஹியா மாநிலத்தின் இந்தக் கரையில் எந்தக் கறுப்புப் பெண்ணும் அதை நம்பத் தயாராக இல்லை. முன்பொரு தேர்தலில் வேட்பாளர் அனுப்பிய வண்டியில் ஏறிய கிரெவுசா, ஓட்டுக்கு ஈடாக, இனிப் பிள்ளை பிறக்காதபடி கருக்குழாயைக் கட்டிக்கொண்டுதான் திரும்பினாள்.

"முதல்ல நீ ஏறுடி," என்றாள் ரைல்டா. "உன்கிட்ட கட்டறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

"பாவி, என்னைத் தூண்டில் புழுவாக்குறியா?" என்று திட்டிக்கொண்டே கிரெவுசா ஏறினாள்.

ரைல்டா வண்டியைச் சுற்றி வந்தாள். வேட்பாளர் முகம் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று சக்கரத்துக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள். இல்லை. அது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

கிரெவுசா மார்பைப் பிடித்தபடி இறங்கினாள். "உள்ள இருக்குற நர்சு ரொட்டி மாவு மாதிரி நசுக்குறா. ஓட்டு கேக்கல. மாசாமாசம் நீயே தடவிப் பாரு, சாராயத்தைக் குறை, நல்லா நடன்னு சொல்றா."

"விடிஞ்சதுலேருந்து சேத்துல நடக்குறோமே, அது நடையில்லையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சிரிக்கிறா."

ரைல்டா ஏறினாள். கட்டியைத் தொட்டதும் நர்ஸ் ஜுசேலியாவின் கை நின்றது.

"எத்தனை மாசமா இருக்கு அக்கா?"

"எதுக்குக் கேக்குற?"

"சீக்கிரம் வந்தா பொழைக்கலாம். நம்ம பொம்பளைங்க கடைசியிலதான் வர்றாங்க."

"நாங்க வரலையா, வண்டி வரலையா?"

ஜுசேலியா படம் எடுத்தாள். திரையை வெகுநேரம் பார்த்தாள். "ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும். சால்வடோர் நகரத்து ஆஸ்பத்திரியிலதான் முடியும்."

"எப்போ?"

"தேதி... தேர்தல் முடிஞ்சுதான் வரும்."

ரைல்டா சட்டைப் பொத்தானைப் போட்டாள். "எங்கடா இன்னும் வரலையேன்னு பாத்தேன், தேர்தல்! பணக்காரி மார்ல இதே கட்டி இருந்தா?"

"இந்த வாரமே," என்று ஜுசேலியா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தேர்தலும் போயிற்று, வண்டியும் போயிற்று, தேதி மட்டும் வரவில்லை. சுகாதார நிலையத்தின் ஜன்னலில் ரைல்டா போய்ப் போய் நிற்கிறாள். கிரெவுசா கூடவே நின்று கம்பியைத் தட்டிக் கத்துகிறாள். அரசாங்கம் ரைல்டாவுக்கு ஓர் ஊசிப் பரிசோதனை பாக்கி வைத்திருக்கிறது.